அந்தப் பழைய ட்ரம் செட்டுக்குப் பூசிய சிவப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் முடிந்த அடுத்த வாரம் இது நடந்தது. இடம், தெரணியகலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் வரும் ஓர் இறப்பர் தோட்டம். நான் பிறந்த தோட்டமும் அதுதான். இப்போது டவுனில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பிரதேச நிருபராகச் செய்தி அனுப்புகிறேன். இருபது வருடமாக அதுதான் தொழில். மண்சரிவோ, பஸ் விபத்தோ, சம்பளப் போராட்டமோ, எதை எழுதினாலும் இரண்டு பேரிடமாவது கேட்டு உறுதி செய்த பிறகே அனுப்புவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் இங்கே சொல்லப்போவது, யாரிடமும் கேட்காமல் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி.

அந்தத் தோட்டத்தில் இறப்பர் மரங்களில் பால் வெட்டும் ஓர் அக்கா இருக்கிறார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய கணவர் இளவயதில் துரைமார் கிளப்பில் பரிமாறும் வேலை பார்த்தவர். அங்கே சனிக்கிழமைகளில் நடனத்துக்கு வாசிக்கும் பாண்டைப் பார்த்துப் பார்த்தே ட்ரம் அடிக்கப் பழகினார். கிளப்பை மூடியபோது நாற்காலி, மேசை, பில்லியர்ட்ஸ் மேசை எல்லாவற்றுக்கும் ஆள் வந்தது. ட்ரம் செட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. நீயே எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு முப்பது வருடம் அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் கல்யாணங்களில் அவர்தான் ட்ரம் அடித்தார். ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

அவர் போன பிறகு அந்த ட்ரம் செட், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், அக்கா குடியிருந்த காம்பரா அறையில், ஒரு பழைய தார்ப்பாய்ப் படங்குக்கு அடியில் இருந்தது. பெரிய பேஸ் ட்ரம் ஒன்று, சிறியவை மூன்று, ஸ்நேர் ஒன்று, இரண்டு வெண்கலத் தட்டுகள். ட்ரம்களின் மேல் முத்துப்போல் மினுங்கும் வெள்ளை உறை ஒட்டியிருந்தது. வெள்ளை என்று பெயர்தான். பழைய பல்லின் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. ஓரிரண்டு இடத்தில் வெடிப்பு. முன்பக்கம் ஒரு சின்னப் பட்டையில், இங்கிலாந்தில் செய்தது என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.

அதன் விலை ஏறி இறங்கிய கதையை நான் ஆரம்பத்திலிருந்தே அறிவேன். கணவர் இறந்த வருடம் அவிசாவளையிலிருந்து வந்த ஒரு கல்யாண பாண்ட்காரர் பதினைந்தாயிரம் தருவதாகச் சொன்னார். அக்கா கொடுக்கவில்லை. பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் இறக்குமதி நிறுத்தப்பட்டது. புது ட்ரம் எதுவும் கடைக்கு வராததால் இரத்தினபுரியில் ஒரு ஹோட்டல் பாண்ட் அறுபதாயிரம் வரை கேட்டது. அப்போதும் அக்கா கொடுக்கவில்லை. இறக்குமதி மறுபடி திறந்து சீனத்து செட்டுகள் வந்து குவிந்ததும், அதே ஹோட்டல் பாண்ட்காரர் இருபத்தையாயிரம் என்றார். இனி இது இறங்கிக்கொண்டேதான் போகும் என்று நான் நினைத்தேன்.

ஆனால் அந்த வருடம் அக்காவுக்கு விற்றே ஆக வேண்டியிருந்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் வெடிப்பு விழுந்து, மழைக்கு முன்னால் எட்டுக் குடும்பங்களும் இடம் மாற வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மேல் மலையில் வீடு கட்ட ஏழு ஏழு பேர்ச்சாகக் காணி கொடுத்திருந்தார்கள். அக்காவின் காணியில் மூன்று அறைக்குச் சுவர் எழும்பி நின்றது. கூரை இல்லை. கூரைக்கு மூன்று இலட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்று வீடு கட்டும் பாஸ் கணக்குச் சொல்லியிருந்தார். மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். சொந்த வீடு முடிந்தால் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஆக, அந்தக் கூரைக்காகத்தான் எல்லாமே.

நான் போய் ட்ரம் செட்டைப் படம் பிடித்து முகநூலில் போட்டேன். மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து ஒருவர் அழைத்தார். சிங்களவர். பழைய இசைக்கருவிகளைச் சேர்ப்பவர். அக்காவின் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, அவருக்கும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்துப் பேசினேன். கொழும்புக்காரர், நான் போட்ட படங்களில் தெரிந்த ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிக் கேட்டார். கடைசியில், நேரில் பார்த்தும் இப்படியே இருந்தால் நாலு இலட்சம் தருவதாகச் சொன்னார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்று சிங்களத்தில் சொன்னவர், "கிஸிம தெயக் கரன்ன எபா" என்றார். ஒன்றுமே செய்ய வேண்டாம், தூசிகூடத் தட்ட வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். இரண்டு தடவை சொன்னார். சரி, சரி என்றேன்.

எங்கள் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த வார்த்தை புதிதல்ல. கம்பெனிப் பெரியவர்கள் வருவதற்கு முன்னால் எப்போதும் ஒரு செய்தி வரும்: சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறோம், விசேட ஏற்பாடு எதுவும் வேண்டாம். அந்தச் செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் சுண்ணாம்பு வாளி வெளியே வரும். ரோட்டோரக் கல், தண்ணீர் ஓடும் கான் கட்டு, பாடசாலைப் படி, கொடிக்கம்பத்தின் அடி எல்லாம் வெள்ளையாகும். ஒரு தடவை, ஏற்பாடு எதுவும் கூடவே கூடாது என்று அழுத்தமாகக் கடிதம் வந்தது. அந்தத் தடவை இரண்டு பூச்சு அடித்தார்கள். செய்ய வேண்டாம் என்று பெரிய இடத்து ஆட்கள் சொன்னால் அது ஒரு மரியாதை, அதற்குப் பதில் மரியாதை செய்து வைப்பது நம்முடைய வேலை என்றுதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். கொழும்புக்காரர் சொன்னதையும் நான் அந்தக் கணக்கிலேயே சேர்த்தேன்.

சனிக்கிழமை காலை, டவுனில் வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கராஜ் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இறந்தவரின் நண்பர். அவருடைய பாண்டில் பாடியவர். படங்கை எடுத்துவிட்டு ட்ரம்மைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"பேப்பர்காரரே, இத இந்தக் கோலத்தில பாத்தா அந்த மனுசன் கொழும்புக்குக் கொண்டு போக மாட்டாரு. பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவாரு."

"அதுக்குத்தானே ஒங்களக் கூட்டியாந்தேன்."

"அண்ணன் என் கல்யாணத்துக்கு ஒரு சதம் வாங்காம ட்ரம் அடிச்சாரு. நான் அவருக்குப் பெயிண்டாவது அடிச்சிக் குடுக்கிறேன்" என்று சிரித்தார். "என்ன கலரு? ரெண்டு நாளைக்கு முந்தி ஒரு வேனுக்கு அடிச்ச செவப்பு மிச்சம் இருக்கு. நல்லா நிக்கும்."

பழைய உறைக்கு மேல் பெயிண்ட் ஒட்டாது என்றார். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, கத்தியால் ஓரத்தைத் தூக்கினார். உறை நீளமாக, ஒரே துண்டாக உரிந்து வந்தது. அடியில் வெளிறிய மரம். எனக்கு அது சுத்தமாகத் தெரிந்தது.

அந்த நேரம் அக்கா வேலை முடிந்து வந்தார். பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் மலைக்குப் போய், நடுப்பகலுக்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். கையில் பால் வாளி. இஸ்தோப்புப் படியில் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்போது ஒரேயொரு ட்ரம்மின் உறைதான் உரிக்கப்பட்டிருந்தது. நான்கு மிச்சம் இருந்தன. இதை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்.

"தம்பி, அந்த மாத்தயா ஒன்னுஞ் செய்ய வேணாமின்னு சொன்னாரே?"

"எல்லாரும் அப்படித்தாங்க்கா சொல்லுவாங்க. வந்து பாக்கிறப்ப பளபளன்னு இருந்தா வெலைய எறக்கிக் கேக்க மாட்டாரு."

"தூசிகூடத் தட்ட வேணாமின்னாரு."

"அது மரியாதைக்குச் சொல்றதுக்கா."

அவர் வாளியைக் கீழே வைக்காமலே நின்றார். "ஒருக்கா போன் போட்டுக் கேட்டுப் பாப்பமா?"

"இதெல்லாம் போய்க் கேட்டா, நம்ம சாமான் மேல நமக்கே நம்பிக்க இல்லன்னு நெனச்சிக்குவாரு."

அக்கா உரித்துப் போட்ட உறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி. நீங்க நாலு எடம் போய் வாறவரு. ஒங்களுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். கொழும்புக்காரரின் இலக்கம் என் சட்டைப் பையில் இருந்த போனில்தான் இருந்தது. அந்த மேட்டில் சிக்னலும் நன்றாகவே கிடைக்கும்.

மற்ற நான்கையும் உரித்தோம். உறைத்துண்டுகள் இஸ்தோப்பு முழுக்க இடைஞ்சலாகக் கிடந்ததால் அள்ளிக்கொண்டு போய் லயத்துக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பில் போட்டேன். கறுப்புப் புகையோடு எரிந்தன. பக்கத்துக் காம்பராக்காரர் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டினார். ட்ரம்களை ஆட்டோவில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுபோய்ச் சிவப்பு அடித்து, பின்னேரம் திரும்பக் கொண்டு வந்தோம். அதற்குள் அக்காவும், வந்தது வரட்டும் என்று சேர்ந்துவிட்டார். பொங்கலுக்குக் குத்துவிளக்கு விளக்கிய புளியில் மிச்சம் இருந்ததை எடுத்து வந்து, இரண்டு வெண்கலத் தட்டுகளையும் தேய்த்துப் பொன்னாக்கினார். தட்டில் அச்சடித்திருந்த கம்பெனி எழுத்தும் தேய்ந்து போய்விட்டது. லயத்துப் பிள்ளைகள் வந்து ட்ரம்மில் முகம் பார்த்தார்கள். கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நல்ல செய்தியை அனுப்பிவிட்டு இருக்கும் நிம்மதி அது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிபோல் வேன் வந்தது. கொழும்புக்காரர் ட்ரம்மைச் சுற்றிக் கட்டுவதற்குத் தடித்த போர்வைகள் ஆறு கொண்டு வந்திருந்தார். இஸ்தோப்பில் ஏறியவர், வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்த சிவப்பு ட்ரம்களைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"செட் எக கோ?" என்றார். செட் எங்கே என்று கேட்கிறார்.

"இந்தா இருக்குதானே மாத்தயா" என்றார் கராஜ்காரர்.

அவர் குனிந்து பேஸ் ட்ரம்மை விரலால் தொட்டார். அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொகத கரே மாத்தயா?" என்று என்னிடம் கேட்டார். என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார். குரல் உயரவில்லை. உறை எங்கே, துண்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றார். எரித்துவிட்டேன் என்றேன். போனில் டோர்ச்சை ஏற்றி ட்ரம்களுக்குள் பார்த்தார். மரத்தில் குத்தியிருந்த முத்திரையைத் தேடிப் பார்த்துத் தலையை ஆட்டினார். உள்ளே எல்லாம் சரி என்றார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா பிளேன்டீ கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் விளக்கினார். புது ட்ரம் வேண்டியவர்கள் கடையில் வாங்கிக்கொள்வார்கள். பழையதைத் தேடுகிறவர்கள் பழையதற்குத்தான் பணம் கொடுப்பார்கள். போனில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று, நாங்கள் உரித்ததைப் போலவே மஞ்சளாகி வெடித்த உறையோடு இருந்த செட். நாலரை இலட்சத்துக்குப் போயிருந்தது. மற்றது, யாரோ அழகாக நீலம் அடித்த அதே வகை செட். எட்டு மாதமாக விற்கவில்லை. நான் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகிக்க எதுவும் இருக்கவில்லை.

"மரத்துக்காக மட்டும் தொண்ணூறாயிரம் தருவேன். அதற்கு மேல் கொடுத்தால் எனக்கு நட்டம்" என்றார். கிளம்ப நினைத்தவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் என் முகநூல் படத்தை எடுத்து அக்காவிடம் காட்டினார். தரையில் நிற்கும் ட்ரம்மின் வலது பக்கத்தில், உறை ஒரு கையகலத்துக்குத் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. வாசிப்பவரின் முழங்கால் பட்டுப் பட்டு வந்த தேய்வு, இதைப் பார்த்துத்தான் இது உண்மையில் வாசிக்கப்பட்ட செட் என்று நம்பி அழைத்தேன் என்றார். படத்தை எடுத்தவன் நான். எனக்கு அந்த இடம் கண்ணில் பட்டதே இல்லை.

அக்கா படத்தை நெடுநேரம் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கராஜ்காரரிடம் திரும்பினார்.

"தொண்ணூறுக்கு எத்தன ரூமுக்குத் தகரம் போடலாம்?"

"ஒன்னுக்குப் போடலாம் அக்கா."

"அப்பக் குடுத்திருவோம். மழைக்கு முந்தி ஒரு ரூமாவது வேணும்."

கொழும்புக்காரர் பணத்தைக் கொடுத்து, ஆறு போர்வைகளாலும் சுற்றி, கவனமாக ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது என் தோளைத் தட்டி, "அவுலக் நே மாத்தயா" என்றார். பரவாயில்லை என்கிறார். அதைவிட அவர் என்னை ஏசியிருக்கலாம்.

வேன் வளைவில் மறைந்த பிறகு அக்காவிடம் சொன்னேன், மிச்சக் கூரைக்கு நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன் என்று. வேண்டாம் என்றார். நான் விடவில்லை.

"நீங்க கெட்டது நெனச்சா செஞ்சீங்க? நானுந்தானே புளி போட்டுத் தேச்சேன்" என்றார். படங்கை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த முட்டி பட்ட எடத்த மட்டும் நான் தொடைக்கவே மாட்டேன் தம்பி. மத்ததெல்லாம் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தொடைப்பேன். அத விட்டுருவேன்."

பதினைந்தாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் அவர் ஏன் கொடுக்கவில்லை என்று நான் அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. விலை போதவில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

மே மாதம் மழை தொடங்குமுன் ஓர் அறைக்குத் தகரம் போட்டுக் குடிபோனார். மற்ற இரண்டு அறைகளுக்கும் மேலே நீலப் படங்கு கட்டியிருக்கிறது. கூரைக்கு உதவி கேட்டு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. மகள் இன்னும் கொழும்பில்தான். சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தால் இருவரும் அந்த ஒரே அறையில் படுப்பார்கள். பழைய லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு இன்று வரை சரியவில்லை. கராஜ்காரர் இப்போது யாராவது பழைய காரையோ கட்டிலையோ பெயிண்ட் அடிக்கக் கொண்டு வந்தால், யாருடையது, யார் அடிக்கச் சொன்னது என்று கேட்ட பிறகுதான் தூரிகையை எடுக்கிறார்.

ட்ரம் விலைகளை நான் இன்னும் போனில் தேடிப் பார்க்கிறேன். எனக்கு அதில் எந்த வேலையும் இல்லை. பழைய உறையோடு இருக்கும் அந்த வகை செட் போன வருடம் ஆறு இலட்சம் வரை போனது. இப்போது கொஞ்சம் இறங்கி ஐந்தரையில் நிற்கிறது. பெயிண்ட் அடித்தவை அதே இடத்தில்தான் இருக்கின்றன.

செய்திக்காக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் வளைவில் அந்த நீலப் படங்கு தெரியும். ஒரே ஒரு உறை உரிந்து நான்கு மிச்சம் இருந்த அந்த நேரத்தில், பால் வாளியைக் கீழே வைக்காமல் ஒரு பெண் இரண்டு முறை கேட்டதற்கு நான் போனை எடுத்திருந்தால் போதும் என்ற எண்ணம், அந்த வளைவு தாண்டும் வரை என்னோடு வருகிறது.